இரும்புச் சில்லு

‘அனுப்பு’ என்று எழுதியிருந்த நீலப் பொத்தானுக்கு மேலே ஜெஸ்லாவின் விரல் நின்றது. ஓடிக்கொண்டிருந்த த்ரீவீலின் பின் சீட்டில், லெப்டொப் அவள் மடியில் இருந்தது.

"அமத்திராதீங்க," என்றாள் அஞ்சலா. முகம் ரோட்டுப் பக்கம் இருந்தாலும் அவளுடைய கண் மட்டும் எப்படியோ லெப்டொப்பின் மேல் இருந்தது.

"அமத்தாட்டி பொழுது பட, மஃரிபோட அவர முடிச்சிருவாங்க மிஸ்!"

"அமத்தினா அதுக்கு முன்னாடியே முடிச்சிருவாங்க. இந்த அறிக்கை போய்ச் சேர்ற வரைக்குந்தான் உங்க மாப்புள அவங்களுக்குத் தேவை. சேர்ந்த பிறகு அவரு வெறும் சாட்சி."

த்ரீவீலை ஓட்டிக்கொண்டிருந்த றினோஸ் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். "அமத்தினாலும் மையத்து, அமத்தாட்டியும் மையத்து. என்ட வண்டியில இப்படியொரு ஹயர் நான் போனதே இல்ல."

"றினோஸ், வாய மூடிட்டு ஓட்டு."

"வாய மூடினா இந்த வண்டி ஓடாது மேடம். அதுதான் இதுட இன்ஜின்."

சிரிக்கிற நிலையில் ஜெஸ்லா இல்லை. நேற்றுக் காலையில் வீட்டை விட்டுப் போன அவள் கணவன் இப்திகார் திரும்பி வரவில்லை. இன்று காலையில் அவனுடைய குரல் மட்டும் வாட்ஸ்அப்பில் வந்தது. பொலிசுக்குப் போகாதே என்று அந்தக் குரலே சொன்னதால், தலைவிரி கோலமாக அவள் ஓடியது அஞ்சலாவின் வீட்டுக்கு. அஞ்சலா இன்சூரன்ஸ் கம்பனியில் வேலை பார்த்தவள். எரிந்த கடை தானாக எரிந்ததா, யாரும் எரித்தார்களா என்று மோந்து பார்த்துச் சொல்கிற உத்தியோகம். அதை விட்ட பிறகும் மோப்பம் விடவில்லை. மாத்தளையில் பொலிசிடம் சொல்ல முடியாத சங்கடம் வந்தவர்கள் அவளிடம்தான் வருவார்கள். றினோஸ் அவளுக்குச் சாரதி, உதவியாள், தலைவலி, எல்லாம்.

"திரும்ப ஒருக்கா சொல்லுங்க," என்றாள் அஞ்சலா. "இப்திகார் என்னதான் வேலை செய்றாரு?"

"புது ஃபோன் ஒண்ண வாங்கி உடைப்பாரு. உள்ளுக்கு இருக்கிற சிப்பைத் தோண்டி எடுத்து அளப்பாரு. அதச் செய்ய எவ்வளவு செலவு முடிஞ்சிருக்கும்னு மதிப்புப் போட்டு வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு அனுப்புவாரு."

"செஞ்சவன் வாயே திறக்க மாட்டான். இவரு எப்படிக் கண்டுபிடிக்கிறாரு?"

ஜெஸ்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு வட்டிலப்பத்த வச்சுத்தான் சொல்லித்தந்தாரு. வட்டத் தட்டுல அவிச்சு, சதுரமா வெட்டுறோம்னு வைங்க. சின்னதா வெட்டினா கூடுதலா துண்டு கிடைக்கும். ஓரத்துல வாறது அரைகுறை, அது வீண். நடுவுல வெட்டின துண்டுலயும் ஒரு தூசி விழுந்திருந்தா ஆளுக்குக் குடுக்க ஏலாது. ஆனா தட்டுக்கு முடிஞ்ச சல்லி குறையுமா? குறையாது. அம்புட்டும் நல்ல துண்டுங்க தலையிலதான் விழும். நூறு துண்டுக்கு எத்தன நல்லதுங்கிறதத்தான் விளைச்சல்ன்னு சொல்லுவாரு. துண்டு அளவும் விளைச்சலும் தெரிஞ்சா விலை தெரிஞ்சிரும்."

"அந்தக் கணக்குத்தான் இப்ப வினையாப் போச்சு," என்றான் மறு ஓரத்தில் இருந்த கிறிஸ்டியன்.

கிறிஸ்டியன் இஸ்திரி கலையாத சட்டைக்காரன். சீகிரியாப் பக்கம் சிப் தொழிற்சாலை கட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டு வந்த கம்பனிக்கும் இப்திகாருக்கும் நடுவில் நின்றவன். பணம் போட வந்த வெளிநாட்டுக்காரர்கள் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் இருந்தார்கள். கம்பனி சொல்கிற விலைக்கு அந்தச் சிப்பைச் செய்ய முடியுமா என்று இப்திகார் தன் கைப்பட மதிப்பிட்டு, தன் மெயிலில் இருந்தே அனுப்ப வேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். இப்திகார் போட்டுப் பார்த்தான். விற்கிற விலையைப் போல நாலு மடங்கு செய்கிற செலவே வந்தது. தொழிற்சாலை என்பதே கதை, பணத்தைச் சுருட்டிக்கொண்டு பறப்பதுதான் திட்டம் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. அதை அவன் கம்பனிக்காரர்களிடமே சொன்னான். அது அவனுடைய குணம். அந்தக் குணத்தை நினைத்து ஜெஸ்லாவுக்கு இப்போது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"நானும் ஏமாந்தவன்தான் சிஸ்டர்," என்று கிறிஸ்டியன் காலையிலேயே வந்து கண் கலங்கியிருந்தான். "நானும் இந்த மாத்தளை மண்ணுதான். மந்தண்டாவளையில எங்க அப்பா சைக்கிள் கடை வச்சிருந்தாரு. அந்தக் கடையிலதான் நான் வளர்ந்தேன். சீகிரியாவுல அவங்களுக்கு ஒரு பங்களா இருக்கு, அங்கதான் அவரை வச்சிருப்பாங்க, நான் காட்டுறேன்."

இப்போதும் அவன்தான் அவசரப்பட்டான். "அனுப்பிடுங்க சிஸ்டர். உயிரை விட அறிக்கை பெருசா? அவரே அனுப்பச் சொல்லித்தானே பேசியிருக்காரு?"

அஞ்சலா கை நீட்டி அந்தக் குரலை மறுபடி ஓடவிட்டாள்.

*"ஜெஸ்லா, நான்தான். கடைசியாச் செஞ்ச ஃபைலத் திற. விளைச்சல நூத்திப் பத்துன்னு மாத்து. சில்லு ஒண்ணுக்கு முடியிறதக் கால்வாசியாக் குறை. இங்க இரும்புச் சில்லுதான் கூடுதலா இருக்கு, அதுக்கும் தனியா ஒரு வரி போடு. மஃரிபுக்கு முன்ன என் மெயில்ல இருந்து அனுப்பிரு. பொலிசுக்குப் போகாதே."*

"நூத்திப் பத்தா!" றினோஸ் சீட்டியடித்தான். "என்ட மாமாட வயல்ல ஏக்கருக்கு நூத்திப் பத்து புசல் நெல்லு விளைஞ்சா, மனுசன் ஊருக்கே சோறு போடுவாரு."

"பாருங்க, நல்ல விளைச்சல்தான்," என்றான் கிறிஸ்டியன். "இதுல யோசிக்க என்ன இருக்கு?"

அந்த நேரம் பார்த்து வண்டி ஒரு பக்கம் சரிந்து, தடதடவென்று அடித்து, ரோட்டோரப் புல்லில் ஏறி நின்றது.

"முடிஞ்சிச்சு! சில்லு போச்சு மேடம்!" என்று கத்தினான் றினோஸ்.

கிறிஸ்டியன் பாய்ந்து ஜெஸ்லாவின் மடியில் இருந்த லெப்டொப்பைப் பிடித்தான். "போச்சா? எப்படிப் போச்சு? அறிக்கை அழிஞ்சிருச்சா?"

றினோஸ் அவனை விநோதமாகப் பார்த்தான். "கீழ போச்சுண்ணே. பின் சில்லு."

"ஓ... ஆமா, ஆமா," என்று கிறிஸ்டியன் சிரித்தான். கொஞ்சம் பிந்திச் சிரித்தான்.

அஞ்சலா சந்தையில் தக்காளியைத் திருப்பிப் பார்ப்பது போல அவனை ஒரு தரம் பார்த்துவிட்டு இறங்கினாள்.

*

எல்லாரும் இறங்கினார்கள். ஜெஸ்லா லெப்டொப்பை அணைத்துக்கொண்டு, சற்றுத் தள்ளி ஒரு சிறு பாலத்தின் கட்டுச் சுவரில் போய் உட்கார்ந்தாள். வெயில் மஞ்சளாகத் தொடங்கிவிட்டது. சீகிரியா இன்னும் தூரம். வண்டி நொண்டிக்கொண்டு நிற்கிறது. துப்பறிகிறவளோ ரோட்டோரத்துப் புல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். யாரை நம்பி வந்தேன் என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். அனுப்பாமல் விட்டு அவர் செத்தால், அந்தப் பழி காலத்துக்கும் தன் தலையில்தான். அனுப்பினால் ஒருவேளை இரக்கம் வரலாம். அவர்களும் பிள்ளை குட்டிக்காரர்களாக இருக்கலாம். எந்தக் காரணமும் சரியாக இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை.

"யா அல்லாஹ்," என்றாள். பொத்தானை அமத்தினாள்.

அறிக்கை போய்விட்டது. செய்தது சரியா பிழையா என்று நினைக்கக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது. அஞ்சலா வருவதைக் கண்டதும் லெப்டொப்பை மூடினாள்.

"ஒரே ஒரு கேள்வி," என்றாள் அஞ்சலா மெதுவாக. "வீட்டுல பேசுறப்ப உங்க மாப்புள சிப்பைச் சில்லுன்னு சொல்லுவாரா?"

"சில்லா? ஒரு நாளும் இல்ல. சிப்புன்னுதான் சொல்லுவாரு. சில்லுன்னா வாகனத்துச் சில்லுதானே..."

சொல்லிக்கொண்டே வந்த ஜெஸ்லா சட்டென்று அஞ்சலாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுதான். புத்தகத் தமிழ்ல சிப்புக்குப் பேரு சில்லு. நம்ம ஊர்ல சில்லுன்னா உருளுறது. அந்தக் குரல் பதியிறப்ப பக்கத்துல நின்னவனுக்குப் புத்தகத் தமிழ் மட்டுந்தான் தெரியும். அது உங்க மாப்புளைக்கு விளங்கியிருக்கு. இப்ப சிப்பை மறந்துட்டு, இரும்புச் சில்லுன்னா என்னன்னு சொல்லுங்க."

வண்டியின் கீழிருந்து றினோஸின் குரல் வந்தது. "வயல் உழுற கை ட்ரெக்டர், அந்த லேண்ட்மாஸ்டருக்குப் போடுறது மேடம். சேத்துல டயர் வழுக்கும், அதால இரும்புச் சில்ல மாட்டுவாங்க. வில்கமுவையில மாமா வீட்டுக்குப் போற வழியில, வாய்க்கால் ஓரமா ஒரு கராஜ் இருக்கு. அது மட்டுமே செய்ற இடம். பாஸ் கொரியாவுக்குப் போன பிறகு பூட்டிக் கிடக்கு. வாசல் முத்தம் நெறைய இரும்புச் சில்லு."

"சீகிரியாவுல இருக்குமா?"

"அங்க ஹோட்டலும் சுத்திக்காட்டுற ஆளுங்களுந்தான். இரும்புச் சில்ல மாட்டிட்டு ஹோட்டலுக்குள்ள ஓட்டினா அடிச்சுத் துரத்துவாங்க."

கிறிஸ்டியன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். ஓட முடியாத நிலையில் நின்றான் என்பதுதான் விசேஷம். ஜாக் உடைந்துவிட்டது என்று சொல்லி, த்ரீவீலின் ஒரு பக்கத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்கும்படி றினோஸ் அவனை நிறுத்தியிருந்தான். பழைய சில்லைக் கழற்றியாயிற்று, புதியது இன்னும் மாட்டவில்லை. வெறும் இரும்பு அவனுடைய பளபளப்பான சப்பாத்துக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"மாட்டு, சீக்கிரம் மாட்டு," என்று பல்லைக் கடித்தான்.

றினோஸ் எழுந்து கையைத் தட்டிக்கொண்டான். "மேடம், ஜாக் உடையல்ல. சீட்டுக்கு அடியிலதான் இருக்கு. நீங்க கண்ணக் காட்டினதால சொன்னேன்."

அஞ்சலா அவன் முன்னால் போய் நின்றாள். "சைக்கிள் கடையில வளர்ந்தவரே, சில்லுன்னா என்னன்னு தெரியாதா? உங்க அப்பா கடையில சைக்கிள் எல்லாம் பறந்துச்சா?"

"நீங்க தப்பா..."

"கைய விட்டா கால் போகும். அதால பேசாம நில்லுங்க." அவனுடைய சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து, வண்டியைப் பிடித்திருந்த அவன் பெருவிரலிலேயே வைத்து அமத்தினாள். ஃபோன் திறந்துகொண்டது. திறந்த கையோடு கம்பனிக்காரன் ஒருவனிடமிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது. அஞ்சலா அதைப் படித்தாள். அவள் முகம் மாறியதை ஜெஸ்லா அன்றைக்குத்தான் முதல் தரம் கண்டாள்.

"அறிக்கை வந்துட்டது. அங்க முடிக்கச் சொல்லவா?" என்று அஞ்சலா வாசித்தாள். "எந்த அறிக்கை?"

ஜெஸ்லா அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் மிஸ். நான்தான் அனுப்பினேன். தாங்க ஏலல்ல."

கிறிஸ்டியன் மூச்சு வாங்கியபடி சிரித்தான். "அப்ப இனி அவன் எதுக்கு?"

அந்தச் சிரிப்பை ஜெஸ்லா சாகும் வரைக்கும் மறக்கமாட்டாள். அஞ்சலா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. அவள் கிறிஸ்டியனுடைய ஃபோனில் விறுவிறுவென்று எழுதினாள்: *பொறு. முதல்ல காசு கைக்கு வரட்டும்.*

"நம்புவாங்களா மேடம்?"

"கள்ளனுக்கு வேற எதுலயும் நம்பிக்கை இருக்காது. காசுன்னா நம்புவான்."

‘சரி’ என்று பதில் வந்தது. அஞ்சலா கூப்பிட்டதில், பக்கத்து ஊரான நாவுலவிலிருந்து பொலிஸ் ஜீப் வந்து கிறிஸ்டியனை ஏற்றிக்கொண்டது. வில்கமுவ பொலிசுக்கும் சொன்னார்கள். அவர்களுடைய ஜீப் வேறொரு பக்கம் போயிருந்தது, வந்துவிடும் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை. றினோஸ் சில்லை மாட்டி, வில்கமுவைக்குப் போகிற எலஹெர ரோட்டில் வண்டியைத் திருப்பினான்.

*

றினோஸ்கூடப் பகிடி விடவில்லை. வண்டி போகக்கூடிய வேகத்துக்கு மேலே போனது. இரண்டு பக்கமும் வயலும் வாய்க்காலுமாக ஓடிற்று. ஜெஸ்லா முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தாள்.

அஞ்சலா கையோடு கொண்டுவந்திருந்த கிறிஸ்டியனுடைய ஃபோனில் மறுபடி செய்தி வந்தது. அஞ்சலா ஒரு தரம் படித்தாள், நம்பாமல் இன்னொரு தரம் படித்தாள்.

"லெப்டொப்பத் திறங்க. விளைச்சல்னு இருக்கிற இடத்தக் காட்டுங்க."

ஜெஸ்லா காட்டினாள். அவளே அடித்த எண்தான். நூற்றிப் பத்து. அதற்குப் பக்கத்தில் சின்னதாகச் சதவீதக் குறி.

"நூறு துண்டு வெட்டி நூத்திப் பத்து நல்ல துண்டு எடுக்க ஏலுமா ஜெஸ்லா?"

ஜெஸ்லா அந்தச் சதவீதக் குறியைக் குனிந்து பார்த்தாள்.

"நம்ம எல்லாரும் நெல்லு விளைச்சல்னு நினைச்சோம். கிறிஸ்டியனும் அப்படித்தான் நினைச்சான். ஆனா அந்த வெளிநாட்டுக்காரங்க சிப் விளைச்சல் தெரிஞ்சவங்க. படிச்ச உடனே சிரிச்சிட்டு, பெட்டியக் கட்டிட்டாங்களாம். ‘நம்மளக் கவுத்துட்டான், இனி விடக் கூடாது’ன்னு எழுதியிருக்கான்."

ஜெஸ்லாவுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. அந்தக் குரலில் இரண்டு செய்தி இருந்தது. ஒன்று அவளுக்கு, தன்னைக் கண்டுபிடிக்க. மற்றது அந்த அறிக்கை யார் கைக்குப் போனாலும் பொய் உடையும்படி வைத்தது. அவள் அனுப்பினால் கம்பனி கவிழும், அவனும் கூடவே போவான். அது தெரிந்துதான், குரல் கூட நடுங்காமல் அவன் ‘அனுப்பிரு’ என்று சொல்லியிருக்கிறான்.

"காவலுக்கு நிக்கிறவன் நம்பர் இதுவாத்தான் இருக்கணும், காலையில இருந்து கிறிஸ்டியன் மூணு நாலு தரம் எடுத்திருக்கான்," என்றாள் அஞ்சலா. "றினோஸ், சிங்களத்துல பேசு. பொலிஸ் வருது, ஆள விட்டுட்டு ஓடுன்னு சொல்லு."

றினோஸ் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே எடுத்தான். "பிஸி மேடம்."

"திரும்ப எடு."

"பிஸி."

வண்டி வாய்க்கால் கரையில் ஏறியது. சூரியன் மரங்களுக்குக் கீழே போயிற்று. றினோஸ் எடுத்துக்கொண்டே இருந்தான். அந்த நம்பர் பிஸியாகவே இருந்தது. ஒரு ஆளை முடிக்கச் சொல்ல இவ்வளவு நேரம் எதற்குப் பேசுகிறார்கள் என்று ஜெஸ்லா தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். பிறகு மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. முடிந்துவிட்டது என்று அவளுக்குப் பட்டது. ஓதிக்கொண்டிருந்ததும் பாதியில் நின்றுபோனது.

கராஜின் கேட் திறந்து கிடந்தது. முற்றம் முழுக்கத் துருப்பிடித்த இரும்புச் சில்லுகள், ஒன்றன் மேல் ஒன்றாக. ஆள் அரவம் இல்லை. மோட்டார் சைக்கிள் ஒன்று இப்போதுதான் புறப்பட்டுப் போன தடம் மண்ணில் இருந்தது. உள்ளறைக் கதவில் பெரிய பூட்டு.

"இப்திகார் நானா!" என்று, அண்ணனைக் கூப்பிடுவது போல, றினோஸ் கத்தினான். பதில் இல்லை.

அவன் சுவரோரம் கிடந்த அலவாங்கை எடுத்துப் பூட்டுக்குள் கொடுத்து நெம்பினான். பலகை பிளந்தது. ஜெஸ்லா அவனைத் தள்ளிக்கொண்டு முதலில் உள்ளே போனாள்.

கதிரையோடு சேர்த்துக் கட்டப்பட்டு, வாயில் துணியோடு, இப்திகார் அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். உயிரோடு இருந்தான். ஒரு கீறல்கூட இல்லை.

அவள் துணியைப் பிடுங்கினாள். றினோஸ் கயிற்றை அறுத்தான். அஞ்சலா வாசலில் நின்று ரோட்டைப் பார்த்தாள்.

"எங்க காவலுக்கு நின்னவங்க?" என்று கேட்டாள்.

"போயிட்டாங்க," என்றான் இப்திகார். "முடிக்கச் சொல்லி ஃபோன்ல கோல் வந்துச்சு. காவலுக்குத்தான் சல்லி பேசின, கொல்றதுக்கு வேற ரேட்டுன்னாங்க. என் முன்னாலேயே நின்னு விலை பேசினாங்க. அந்தப் பக்கம் கையில சல்லி இல்ல போல, கூட்டவே மாட்டேன்னுட்டான். கட்டுப்படியாகாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

றினோஸ் தன்னை மறந்து சிரித்துவிட்டான். இப்திகாரும் சிரிக்கப் பார்த்தான். ஜெஸ்லாவின் கையைப் பிடித்து, "நீ அனுப்பினியா? அவங்களுக்கு விளங்கிச்சா?" என்றான். அவன் முகத்தில் பெருமை தெரிந்தது.

ஜெஸ்லா கையை உருவிக்கொண்டாள். அழுகை அப்போதுதான் வந்தது. வந்தது நிற்கவும் இல்லை.

"அவனுங்களாவது உங்க உசிருக்கு விலை பேசினானுங்க," என்றாள். "நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

எதை உடைத்து வைத்தாலும் அளந்து விலை சொல்லுகிற மனுசன், அறுந்த கயிற்றைக் கையில் எடுத்து முழம் போட்டபடி கதிரையிலேயே உட்கார்ந்திருந்தான்.